பழைய ஃபைபர் படகைத் தூண்டில் படகாக்க: ஓட்டை, ஒயர், எடை

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கைமாறி வாங்கிய 17 அடி ஃபைபர் படகு, பின்னால் வெளியே தொங்கும் 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், இழுத்துப் போக ஒரு டிரெய்லர். கடலிலும் கழிமுகத்திலும் பொழுதுபோக்காகத் தூண்டில் போடத்தான் வாங்கினீர்கள். ஒலியால் மீனைத் தேடிக் காட்டும் ஃபிஷ்ஃபைண்டர், படகை மெதுவாக நகர்த்த பேட்டரியில் ஓடும் டிரோலிங் மோட்டார், தூண்டில் கம்பைத் தாங்கும் ராட் ஹோல்டர்கள், பிடித்த மீனை உயிரோடு வைக்க ஒரு தொட்டி, விளக்குகள் என்று பட்டியல் வைத்திருக்கிறீர்கள். எதை முதலில் வாங்குவது, ஃபிஷ்ஃபைண்டர் திரையை எப்படிப் படிப்பது, மாட்டிய பிறகு எப்படிப் பராமரிப்பது என்பது கேள்வி.

பட்டியலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். படகில் மாட்டும் எந்தப் பொருளும் தனியாக வருவதில்லை. அதைப் பிடித்து நிறுத்த ஓட்டை போட வேண்டும், அது ஓட ஒயர் இழுக்க வேண்டும், அதன் எடையைப் படகு சுமக்க வேண்டும். சாதனமே கெட்டுப்போய்த் தொல்லை தருவதைவிட, சரியாக அடைக்காத ஓட்டையும் களிம்பு ஏறிய ஒயர் இணைப்பும் தரும் தொல்லைதான் அதிகம். அதனால் என் பதில் இந்த மூன்றையும் சுற்றியே போகும். எந்த பிராண்டு ஃபிஷ்ஃபைண்டர் நல்லது என்பதெல்லாம் அதற்கு அடுத்த பேச்சு.

எதையும் மாட்டுவதற்கு முன்னால் எஞ்சின் தொங்கும் பின்பலகையைச் சோதியுங்கள். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் அந்தப் பலகைக்குள் பிளைவுட் இருக்கும். வெளியே ஃபைபர் பளபளவென்று இருந்தாலும் உள்ளே மரம் ஊறி உளுத்துப் போயிருக்கலாம். எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பாகத்தைக் கையால் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் ஆடலாம், பலகை வளையக் கூடாது. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சுத்தியலால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று திரும்பும், ஊறிய இடத்தில் மொத்தென்று அமுங்கிவிடும். எஞ்சின் போல்ட்டுகளைச் சுற்றியும், தண்ணீர் வடிக்கும் தக்கையைச் சுற்றியும் நிதானமாகத் தட்டுங்கள். ஊறல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். பலகை கெட்டிருந்தால் வேறு எதற்கும் பணம் செலவழிக்காதீர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, டிரெய்லரோடு படகை ஒரு எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். டிரெய்லர், எஞ்சின், எரிபொருள், பேட்டரி எடையைக் கழித்தால் படகின் எடை வரும். தயாரிப்பாளர் சொல்லும் எடையைவிட அது நூறு கிலோ கூடுதலாக இருந்தால், தளத்துக்கு அடியில் அடைத்திருக்கும் மிதவை ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். படகு கவிழ்ந்தாலும் அமிழ்ந்துவிடாமல் தாங்குவதற்காக வைத்தது அந்த ஃபோம். ஊறிய ஃபோம் அந்த வேலையைச் செய்யாது.

இன்னொன்றும் இப்போதே செய்து வையுங்கள். படகு வெறுமையாக இருக்கும்போது, அமைதியான நீரில், இருவர் மட்டும் ஏறி முழு வேகத்தில் ஓட்டி எஞ்சினின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு எஞ்சின்கள் பலவற்றுக்கு முழு வேக எல்லை 5,000 முதல் 6,000 வரை இருக்கும். உங்கள் எஞ்சினின் கையேட்டில் சரியான எண் இருக்கும். இந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

எடை விஷயத்தில், படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகடு சொல்வதே முடிவு. ஆள், எஞ்சின், சாமான் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ. 80 லிட்டர் மீன் தொட்டியை நிரப்பினால் 80 கிலோ, அதாவது இன்னொரு ஆளை ஏற்றியது போல. அந்த ஆளாவது ஓரிடத்தில் உட்காருவார். பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் படகு சாயும் பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். ஆகவே தொட்டி வைத்தால் நடுவில், தாழ்வாக, உள்ளே தடுப்புள்ளதாக வையுங்கள். ஓடும்போது நிறைந்திருக்கட்டும், இல்லையென்றால் காலியாக இருக்கட்டும். நேர்மையாகச் சொன்னால், 17 அடிப் படகில் நான் தொட்டியே வைக்க மாட்டேன். உயிரோடு இரை வைத்துப் பிடிப்பவருக்கு அது வேண்டும். மற்றவருக்கு ஐஸ் போட்ட நல்ல பெட்டி ஒன்று போதும். ஓட்டை கிடையாது, பம்பு கிடையாது, வேண்டாதபோது இறக்கி வைத்துவிடலாம்.

சரி, ஓட்டைக்கு வருவோம்.

ஃபைபர் படகின் மேல்தளம் பல இடங்களில் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ ஃபோமோ வைத்துச் செய்தது. அதில் சும்மா துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கினால் தண்ணீர் அந்த நடுப்பகுதிக்குள் இறங்கிப் பரவும். மேலே எதுவும் தெரியாது. சில வருடங்கள் கழித்துத் தளத்தில் கால் வைத்தால் பஞ்சு போல அமுங்கும். இதைத் தடுக்கும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட் போட வேண்டிய இடத்தில் முதலில் 12 மில்லிமீட்டர் துளை போடுங்கள். கீழே டேப் ஒட்டி அடைத்துவிட்டு, கெட்டியாகக் கலந்த எபாக்ஸிப் பசையை அதில் நிரப்புங்கள். அது நன்றாக இறுகிய பிறகு நடுவில் 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றிலும் எபாக்ஸிச் சுவர் நிற்கும். கசிவை அடைக்கப் பூசும் சீலன்ட் பின்னாளில் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. ஒரு நாள் வேலை இரண்டு நாளாகும், ஆனால் இதில் குறுக்கு வழி தேடாதீர்கள்.

மேல் பூச்சான ஜெல்கோட் வெடிக்காமல் இருக்க, துளை போடும் இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டு துளையுங்கள். பிறகு துளையின் வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சரித்துவிடுங்கள். அந்தச் சரிவில் சீலன்ட் ஒரு வளையமாகத் தங்கும், கீறலும் ஓடாது. முடுக்கும்போது உள்ளே இருக்கும் சீலன்ட் எல்லாம் பிதுங்கி வெளியே வருகிற அளவுக்கு இறுக்காதீர்கள். பிதுங்கி வந்துவிட்டால் அடைக்க என்ன மிஞ்சும்?

சீலன்ட் வகைகளில் சிலிக்கோனுக்குக் கை நீட்டாதீர்கள். அது பரப்பில் விட்டுப் போகும் மெல்லிய படலத்தின் மேல் பிறகு வேறு எதுவும் ஒட்டாது, பெயின்ட் கூட நிற்காது. பாலியூரித்தேன் வகை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதில் நிரந்தரமாக ஒட்டுவது ஒன்று, கழற்ற விடுவது ஒன்று என்று இரண்டு ரகம் உண்டு. என்றாவது கழற்ற வேண்டி வரும் பொருளுக்கு நிரந்தர ரகத்தைப் போட்டால், கழற்றும்போது ஜெல்கோட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். பாலிசல்ஃபைடு நல்லதுதான், ஆனால் சில பிளாஸ்டிக்குகளை அது அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் ஜன்னல் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். 304 ரகம் உப்புக் காற்றில் சீக்கிரமே பழுப்புக் கறை விடும். ராட் ஹோல்டருக்கு மேலிருந்து ஸ்க்ரூ மட்டும் முடுக்குவது போதாது. பெரிய மீன் ஒன்று இழுக்கும்போது தூண்டில் கம்பு நெம்புகோலாக வேலை செய்யும், அந்த விசை முழுவதும் அந்த நான்கு துளைகளில்தான் விழும். அடியில் அலுமினியத் தகடோ கெட்டி ஃபைபர் துண்டோ வைத்து நட்டு போட்டு இறுக்குங்கள். எங்கே வைப்பது என்பதை மாட்டுவதற்கு முன் டேப் ஒட்டிப் பாருங்கள். கம்புகளை உண்மையிலேயே நிறுத்தி, வீசும் இடமும், மீனைத் தூக்கும் இடமும், எஞ்சின் திரும்பும் இடமும் தடைபடுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடையில் பார்க்கும்போது எட்டு வேண்டும்போல இருக்கும். இருவர் போகும் படகுக்கு நான்கு போதும்.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் நிறையப் பேர் சிக்கனம் பிடித்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒயர் வாங்கும்போது தகரப் பூச்சுள்ள, பல இழைச் செம்பு ஒயரையே கேளுங்கள். வெறும் செம்பு உப்பு ஈரத்தில் களிம்பு பிடிக்கும். அது வெளியே தெரியும் முனையோடு நிற்காது, உறைக்குள்ளேயே இழைகள் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளே ஏறும். பழைய படகில் ஒரு ஒயரை வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு நிறம் போய்க் கறுத்திருந்தால் இன்னும் அரை அடி உள்ளே வெட்டுங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் அந்த ஒயரை ஒட்டுப் போட்டுப் பயன் இல்லை, மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

தடிமன் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10 ஆம்பியர் இழுக்கும் ஒரு சாதனம் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே ஒயர் நீளம் 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் தடை 0.07 ஓம், வழியிலேயே 0.7 வோல்ட் தொலையும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 6 சதவீதம். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நின்றுவிடும், அதாவது இரண்டரை சதவீதம் போல. வழிவிளக்கு, பில்ஜ் பம்பு (படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றுவது), ரேடியோ மாதிரி முக்கியமானவற்றுக்கு 3 சதவீதத்துக்குமேல் விடக் கூடாது என்பது படகுத் தொழிலில் ஏற்றுக்கொண்ட அளவு. உள் விளக்கு போன்றவற்றுக்கு 10 சதவீதம் வரை போகலாம். ஃபிஷ்ஃபைண்டர் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது அணைந்து அணைந்து எரிகிறது என்றால் பெரும்பாலும் காரணம் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் வோல்ட் இறங்குவதுதான், இந்த இழப்பு அதை இன்னும் கூட்டும், கருவியில் கோளாறு இருக்காது.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்திய முனை, அதன் மேல் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். சூடு காட்டும்போது இரு முனையிலும் பசை கசிந்து வந்தால்தான் அடைப்பு முழுமை. வெறும் ஈயப்பற்று மட்டும் வைத்த இணைப்பு படகின் அதிர்ச்சியில், ஈயம் முடியும் இடத்தில் ஒடியும். எந்த இணைப்பும் பில்ஜ் தண்ணீர் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது.

ஃபியூஸ் சாதனத்துக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. அதன் முதல் வேலை ஒயரைக் காப்பது, ஆகவே அது பேட்டரியின் நேர்முனையை ஒட்டி, 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை, தீதான். இதோடு சேர்த்து ஒன்று: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். பெட்ரோல் டேங்க் இருக்கும் அறையில் சுவிட்சோ ரிலேவோ வைத்தால் அது தீப்பொறி வெளியேறாத வகை என்று முத்திரை உள்ளதாகவே இருக்க வேண்டும். கார் உதிரிப் பாகங்களை அங்கே கொண்டுவந்து மாட்டாதீர்கள், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும்.

பேட்டரி இரண்டு வேண்டும். ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மட்டும், இன்னொன்று மற்ற எல்லாவற்றுக்கும். விளக்கும் பம்பும் போட்டு நாலு மணி நேரம் மீன் பிடித்துவிட்டுச் சாவி திருப்பினால் எஞ்சின் எழ வேண்டுமே, அதற்குத்தான். இரண்டுக்கும் நடுவே வோல்டேஜைப் பார்த்துச் சேர்க்கும் ரிலே ஒன்று போடலாம். எஞ்சின் ஓடிச் சார்ஜ் ஏறி 13.4 வோல்ட் போல வந்ததும் இரண்டையும் இணைக்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரித்துவிடும். ஈய பேட்டரி சில மணி நேரம் ஓய்வாக இருந்த பிறகு 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் சட்டென்று குறையும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை ஆஃப் செய்யவே செய்யாதீர்கள், சார்ஜ் செய்யும் ரெக்டிஃபையர் போய்விடும். லித்தியம் பாதி எடைக்கும் கீழே வரும், ஆழமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எஞ்சினிலிருந்து நேரடியாகச் சார்ஜ் ஏற்றாமல் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போட்டே இணையுங்கள்.

டிரோலிங் மோட்டாருக்கு வழக்கத்தில் உள்ள கணக்கு, ஏற்றிய படகின் 100 கிலோ எடைக்கு 2 கிலோ தள்ளுவிசை. உங்கள் படகு ஆள் சாமானோடு 900 கிலோ வரும் என்றால் 18 கிலோ, அதாவது 40 பவுண்டு. காற்றும் நீரோட்டமும் இருக்கும் இடத்துக்கு 55 பவுண்டு எடுங்கள், அதுவரை 12 வோல்ட்டே போதும். அதற்கு மேல் போனால் 24 வோல்ட், இரண்டு பேட்டரி, இன்னும் எடை. 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே மேலே சொன்ன ஒயர்க் கணக்கில் இங்கே 25 சதுர மில்லிமீட்டர் கேபிள் கேட்கும். அதற்கென்று தனி சர்க்யூட் பிரேக்கரும் வேண்டும். உப்பு நீருக்கென்றே செய்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஃபிஷ்ஃபைண்டரில் திரையைவிட, நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். படகின் அடியில் நீளமாக ஓடும் மேடுகளுக்குப் பின்னாலோ, தண்ணீர் உள்ளிழுக்கும் துளைகளுக்குப் பின்னாலோ வைத்தால் குமிழி நிறைந்த நீர்தான் அதன் முகத்தில் பாயும். ஓட ஆரம்பித்ததும் திரையில் தரை காணாமல் போகும். புரொப்பெல்லரிலிருந்து நன்றாகத் தள்ளி, படகின் அடிமட்டத்தை ஒட்டியோ சில மில்லிமீட்டர் தாழ்வாகவோ வையுங்கள். முதல் முறையே சரியான இடம் அமையாது, ஏற்றி இறக்க வேண்டி வரும். ஒவ்வொரு முறையும் பின்பலகையில் புதுத் துளை போடுவதற்குப் பதிலாக, கெட்டியான பாலித்தீன் பலகை ஒன்றை ஒரே தடவை ஒட்டி முடுக்கிவிட்டு டிரான்ஸ்டியூசரை அந்தப் பலகையில் மாட்டுங்கள். எத்தனை முறை மாற்றினாலும் துளை பலகையில்தான் விழும். கேபிள் நீளமாக இருந்தால் வெட்டாதீர்கள், சுருட்டிக் கட்டி வையுங்கள்.

திரையைப் படிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 20 டிகிரி கூம்பாக ஒலி இறங்கினால் 10 மீட்டர் ஆழத்தில் அது தொடும் வட்டம் மூன்றரை மீட்டர்தான். அதற்கு வெளியே இருப்பது திரைக்கு வராது. மீன் வில் மாதிரி வளைந்து தெரிவதற்குக் காரணம் தூர வித்தியாசம்: கூம்பின் ஓரத்தில் இருக்கும்போது மீன் சற்றுத் தொலைவு, நடுவுக்கு வரும்போது அருகில், மறுபடி ஓரத்துக்குப் போனால் தொலைவு. படகும் மீனும் அசையாமல் நின்றால் வில் வராது, நீண்ட கோடுதான் வரும். ஆகவே கோடாகத் தெரிகிறதே என்று மீன் இல்லை என நினைக்காதீர்கள். ஆழம் குறைந்த நீரில் 200 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கமாகக் காட்டும், ஆழ்கடலுக்கு 50 கிலோஹெர்ட்ஸ்.

பில்ஜ் பம்பைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான தைரியம் இருக்கிறது. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 5 சென்டிமீட்டர் அகல ஓட்டை ஒன்று விழுந்தால் நிமிடத்துக்கு 150 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சாதாரணமாக மாட்டும் சிறிய பம்பு மணிக்கு 1,900 லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும், அதாவது நிமிடத்துக்கு 32. மேலே ஏற்றி வெளியே தள்ளும்போது அதுவும் குறையும். பம்பு மழை நீருக்கும் அலைத் தெறிப்புக்கும்தான். ஓட்டைக்குத் தீர்வு, நீருக்குக் கீழே உள்ள ஒவ்வொரு குழாய்க்கும் மூடும் வால்வும், அதே அளவில் ஒரு மரத் தக்கை கயிற்றில் கட்டித் தொங்குவதும். பம்பின் தானியங்கி மிதவை சுவிட்சை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி ஃபியூஸோடு பேட்டரியில் இணையுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனாலும் அது வேலை செய்ய வேண்டும்.

பாதுகாப்புச் சாமானில் எதை வைத்திருப்பது கட்டாயம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும், அதைப் படியுங்கள். நான் வலியுறுத்துவது மூன்று. எஞ்சினை நிறுத்தும் கில் கார்டை உடம்பில் மாட்டாமல் ஓட்டாதீர்கள். கடல் விஎச்எஃப் ரேடியோ வையுங்கள், அபாய அழைப்பு 16ஆம் சேனல். ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் போகும், ஆகவே கைரேடியோ துணைக்குத்தான். மூன்றாவது நங்கூரம். ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனை) உயரத்தையும் கூட்டி அதைப்போல ஐந்திலிருந்து ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். 6 மீட்டர் நீரில், அணியம் நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் 35 மீட்டராவது. கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே படகு நீளத்துக்குச் சங்கிலி. பிடித்த இடத்தில் நிற்கிறது என்பதற்காகப் பின்பக்கத்தில் நங்கூரத்தைக் கட்டவே கட்டாதீர்கள். பின்பலகை தாழ்வு, எஞ்சின் எடையும் அங்கேதான். ஒரு அலை ஏறினால் அடுத்த அலைக்குப் படகு எழாது.

இனி பராமரிப்பு.

உப்பு நீரிலிருந்து வந்ததும் எஞ்சினை நேராக நிறுத்தி நல்ல தண்ணீரால் பத்து நிமிடம் கழுவ வேண்டும். காதுபோல மாட்டும் ஃப்ளஷ் மஃப் என்றால் முதலில் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். தனி ஃப்ளஷ் துளை இருந்தால், சில எஞ்சின்களில் எஞ்சினை அணைத்த நிலையில்தான் அதைப் பயன்படுத்த வேண்டும், கையேட்டைப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் சில வினாடி ஓட்டினாலும் உள்ளே குளிர்விக்கும் நீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் தீய்ந்துவிடும். பின்னால் பீய்ச்சும் சிறு நீர்த்தாரையைப் பார்க்கும் வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அது மெலிந்தால் இம்பெல்லரோ அடைப்போ. இம்பெல்லரை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மணல் கலங்கிய நீரில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் மாற்றுங்கள். பழையதில் இதழ் ஒடிந்திருந்தால் அந்தத் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் குளிர்விக்கும் வழியை அவை அடைக்கும்.

தூண்டில் படகுக்கென்றே உள்ள ஒரு நோய் இருக்கிறது: புரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொள்ளும் தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு. நீரில் விட்டுப்போன நரம்பு, உங்களுடையதோ வேறு யாருடையதோ, ஷாஃப்டில் சுற்றிச் சூட்டில் இறுகி எண்ணெய் சீலை அறுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, படகும் வழக்கம்போல ஓடும். சீல் வழியாகத் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் புகுந்து பற்களையும் பேரிங்கையும் மெல்ல மெல்லத் தின்னும். நாலைந்து தடவை போய்வந்த பிறகு ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். முதலில் கில் கார்டை எடுத்துவிட்டு, கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பின்னை எடுத்து, நட்டைத் திருகி, புரொப்பெல்லரை உருவினால் பின்னால் ஒரு வாஷர் இருக்கும், அதையும் எடுங்கள். ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். நரம்பு இருந்தால் கத்தி வைக்காமல் பிரித்து எடுங்கள், கத்தி சீலில் பட்டுவிடும். ஷாஃப்டுக்குக் கடல் கிரீஸ் தடவி, வாஷரை அதே முகம் பார்த்து வைத்து, புதுப் பின் போட்டு முடியுங்கள்.

தண்ணீர் புகுந்ததா என்று தெரிய கியர் ஆயிலே சாட்சி. படகு ஓர் இரவு அசையாமல் நின்ற பிறகு கீழ் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தாலும் சீல் போய்விட்டது என்று பொருள். ஸ்க்ரூவின் காந்தத்தில் மைபோல ஒட்டும் பொடி சாதாரணம், செதில் செதிலாக இரும்பு இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள். புது எண்ணெயைக் கீழ்த்துளையிலிருந்து ஏற்றுங்கள், மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும் வரை. இரண்டு வாஷரையும் புதிதாகப் போடுங்கள். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் 100 மணி நேரத்துக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது.

எரிபொருள் வழியில் 10 மைக்ரான் வடிகட்டி, தண்ணீரைப் பிரிக்கும் வகை, அவசியம் இருக்கட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், எஞ்சின் அதைத்தான் முதலில் உறிஞ்சும். சில மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

எஞ்சினின் அடியில் இருக்கும் ஆனோடுக் கட்டிகள் அரிப்பைத் தாங்கள் வாங்கிக்கொண்டு எஞ்சினைக் காப்பவை. உப்பு நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், கழிமுகத்துக்கும் போவீர்கள் என்பதால் உங்களுக்கு அலுமினியம் பொருந்தும். மக்னீசியம் நன்னீருக்கு மட்டும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். ரொம்ப நாளாகக் கரையவே இல்லை என்றால் மகிழ வேண்டாம், அது உலோகத்தோடு சரியாகத் தொடர்பில் இல்லை என்றுதான் அர்த்தம்.

டிரெய்லரை மறந்துவிடுவது வழக்கம். சாலையில் ஓடிச் சூடான சக்கரத்தை அப்படியே நீருக்குள் இறக்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். வந்து சேர்ந்ததும் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், ஆறிய பிறகு இறக்குங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அந்தப் பேரிங்கைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. நிறுத்தி வைக்கும்போது அணியம் உயர்ந்து, வடிகால் தக்கை கழற்றி, காற்றுப் போகும்படி மூடி வையுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்து முதல் முறை நீரில் இறக்கும்போது, படகை டிரெய்லரிலிருந்து கழற்றாமல் மிதக்கும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். அப்படியே பத்து நிமிடம் நிறுத்தி டார்ச் அடித்து ஒவ்வொரு புதுத் துளையையும் உள்ளிருந்து பாருங்கள். ஈரம் தெரிந்தால் அப்படியே மேலே இழுத்துவிடலாம். காய்ந்திருந்தால் கழற்றி, எல்லாச் சாமானோடும் ஆளோடும் முழு வேகத்தில் ஓட்டி ஆர்பிஎம்மைப் பாருங்கள். முன்னால் குறித்தது 5,700 என்று வைத்துக்கொள்வோம், இப்போது 5,300தான் வருகிறது என்றால் சேர்த்த எடையின் விலை அது. அந்த எண் கையேட்டு எல்லையின் கீழ்ப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் புரொப்பெல்லரின் பிட்சை (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 வரை ஏறும். இரண்டு அங்குலம் குறைந்த ஒன்றை இரவல் வாங்கி மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் புதிது வாங்குங்கள். பழையதை விற்காமல் படகிலேயே உபரியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கான நட்டும் பின்னும் ஸ்பேனரும் சேர்த்து.